கேள்வி–பதில்: சாளை மீனும் செல்போனும்

பொருளாதார நிபுணர்கள் ஏசி அறையில் உட்கார்ந்து எழுதும் ஆய்வுகளால் நம்மைப் போன்றவர்களுக்கு என்ன லாபம்?
– ஒரு வாசகர், குளச்சல்

கடற்கரையிலிருந்து கேட்கிறீர்கள், மீன் கதையே சொல்கிறேன். ராபர்ட் ஜென்சன் என்ற அமெரிக்கப் பொருளாதார நிபுணர், வடகேரளக் கரைகளில் சாளை மீன் விலையை 1996 முதல் 2001 வரை வாரந்தோறும் விசாரித்துக் குறித்துவைக்க ஏற்பாடு செய்தார். 1997 ஜனவரியில் ஒரு நாள், வடகரா கரையில் 11 மீனவர்களிடம் மீன் வாங்க ஆளில்லை. பிடித்ததையெல்லாம் கொட்டிவிட்டார்கள். அதே வேளையில், 15 கிலோமீட்டருக்குள் இருக்கும் வேறு கரைகளில் 27 வியாபாரிகள் மீன் கிடைக்காமல் வெறுங்கையோடு கிளம்பிக்கொண்டிருந்தார்கள்! சாளை வெயில் தாங்காது. 'அடுத்த கரையில் ஆள் இருக்குமோ என்னவோ' என்று எண்ணெயைச் செலவழித்து வள்ளத்தைத் திருப்ப யாருக்குத் துணிச்சல் வரும்?

அந்த மாதக் கடைசியிலிருந்து கோழிக்கோடு, கண்ணூர், காசர்கோடு என்று ஒவ்வொரு பகுதியாக செல்போன் கோபுரம் வந்தது. கடலுக்குள் 20, 25 கிலோமீட்டர் வரை சிக்னல் கிடைத்தது. வள்ளத்திலிருந்தே நாலு கரைக்குப் போன் போட்டு விலை கேட்டுவிட்டு, எங்கே கட்டுபடியாகுமோ அங்கே வள்ளத்தைக் கரை ஒதுக்கினார்கள். மீனவர் லாபம் சுமார் 8 சதவீதம் ஏறியது, வாங்குகிறவர்களுக்கு விலை 4 சதவீதம் இறங்கியது, கொட்டுவதும் நின்றது. கோபுரம் வந்த பகுதியையும் வராத பகுதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததால், 'இது தானாக நடந்திருக்கும்' என்று சுலபமாகத் தள்ளிவிட முடியவில்லை. இத்தனைக்கும் மீனவர்களுக்காக யாரும் போட்ட திட்டமில்லை இது. கம்பெனிக்காரர்கள் தங்கள் வியாபாரத்துக்கு வைத்த கோபுரம்தான்.

ஏசி அறை இருந்திருக்கலாம். ஆனால் கணக்கு மணலில் எடுத்தது.

அப்படியென்றால் கையில் போன் இருந்தால் தரகர் தொல்லை ஒழிந்துவிடுமா?
– ஒரு வாசகி, தூத்துக்குடி

ஒழியாதம்மா. வலைக்கும் இன்ஜினுக்கும் தரகரிடம் முன்பணம் வாங்கியவர், அடுத்த கரையில் இரட்டை விலை என்று போனில் தெரிந்தாலும் அவரிடம்தான் மீனைப் போட்டாக வேண்டும். பின்னால் வந்த ஆய்வாளர்கள் சிலர் ஜென்சனிடம் குறை கண்டதும் இந்த இடத்தில்தான். எனக்கும் அது நியாயமாகவே படுகிறது. கன்னியாகுமரி, திருவனந்தபுரம் பக்கம் மீனவர் சங்கங்கள் ஏலத்தைத் தாங்களே நடத்துவதோடு நிற்காமல் கடனும் கொடுப்பது இதனால்தான். வெறும் ஏலம் மட்டும் நடத்தினால், முன்பணம் வாங்கியவர் சங்கத்துப் பக்கமே எட்டிப்பார்க்க மாட்டார்.