டிரெட்மில்லுக்குப் பணம் கட்டுவதற்கு முன்

கேள்வி: என் அப்பாவுக்கு 71 வயது, இனிப்புநீர் உண்டு. ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். அம்மா இறந்த பிறகு சுங்கை சிப்புட்டில் எங்கள் தாமான் வீட்டில் இருக்கிறார். நாங்கள் வேலைக்குப் போய்விட்டால் பகல் முழுக்கத் தனிமைதான். மறதி கூடிவிட்டது. ஓடினால் மூளையில் புது செல் வளரும், எலியில் நிரூபித்திருக்கிறார்கள் என்று ஓர் ஏஜெண்ட் வீட்டுக்கு வந்து, டிரெட்மில்லும் மாத்திரையும் சேர்த்து 3,800 ரிங்கிட் கேட்கிறார். அப்பா அதில் ஏற மாட்டேன் என்கிறார். வற்புறுத்தலாமா?

பதில்: வற்புறுத்தவும் வேண்டாம், வாங்கவும் வேண்டாம்.

ஆய்வு உண்மைதான். 1999-இல் அமெரிக்காவின் சால்க் ஆய்வுக்கழகத்தில் சுண்டெலிக் கூண்டுக்குள் சக்கரம் வைத்தார்கள். அவை தாமாகவே ஏறி ஓடின. ஞாபகத்துக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸ் பகுதியில் புதிய நரம்பு செல்கள், ஓடாத சுண்டெலிகளைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு இருந்தன. அதே ஆய்வில் தண்ணீரில் விட்டு நீந்த வைத்தவற்றுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. நீந்திய நேரமும் குறைவுதான். இருந்தாலும் விற்க வருகிறவர்கள் இந்தப் பாதியைச் சொல்வதே இல்லை.

சக்கரத்தில் ஓடுவது சுண்டெலிக்குப் பிடிக்கும். 2014-இல் வெளியான ஓர் ஆய்வில், நெதர்லாந்தில் வெட்டவெளியில் சக்கரம் வைத்தார்கள். காட்டுச் சுண்டெலிகள் வந்து ஓடின. தீனியை எடுத்த பிறகும் ஓடின. மிரட்டி ஓட வைப்பது வேறு கதை. பயமும் மன அழுத்தமும் புது செல்கள் பிறப்பதைக் குறைப்பதை விலங்கு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அப்பா ஆயுசு முழுக்க, தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் விடியற்காலைப் பெரட்டுக்கு எழுந்தவர். இப்போது வீட்டுக்குள்ளும் இன்னொரு பெரட்டு வைக்காதீர்கள்.

மனிதர்களுக்கு வயதான பின் புது செல் பிறக்கிறதா என்பதே இன்னும் சண்டையில் இருக்கிறது. 2018-இல் ஒரு குழு கிட்டத்தட்ட இல்லை என்றது, இன்னொரு குழு உண்டு என்றது. ஆனால் 2011-இல் 120 முதியவர்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. வாரத்தில் மூன்று நாள், நாற்பது நிமிடம் என ஒரு வருடம் நடந்தவர்களுக்கு ஹிப்போகாம்பஸ் சுமார் 2 விழுக்காடு பெருத்தது. வெறும் நடைதான், மெஷின் வேண்டியதில்லை.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது ‘தனிமை’. 2006-இல் பிரின்ஸ்டனில் எலிகளை வைத்துப் பார்த்தார்கள். கூட்டமாக வாழ்ந்தவை ஓடியபோது புது செல்கள் கூடின. தனியாக அடைக்கப்பட்டவை ஓடியும், ஆரம்பத்தில் அந்தப் பலன் வரவில்லை. நெடுநாள் ஓடிய பிறகே வந்தது. தனிமை பலனை முழுக்க அழிக்கவில்லை, தள்ளிப்போட்டது. எலிக்கு நடந்தது மனிதருக்கும் அப்படியே நடக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் அப்பாவை அறைக்குள் தனியாக மெஷினில் ஏற்றுவதைவிட, பழைய தோட்டத்து நண்பர் ஒருவரோடு திடலைச் சுற்றிவிட்டு ஒட்டுக்கடையில் சீனி போடாத தே ஓ குடிக்க அனுப்புவது எத்தனையோ மேல்.

மாத்திரை டப்பாவில் ‘மால்’ எண் இருக்கிறதே என்று காட்டுவார்கள். பதிவு பெற்ற பொருள் என்பதற்குத்தான் அந்த எண். மூளை செல்லை வளர்க்கும் என்பதற்குச் சான்று அல்ல. மண்டபத்தில் ‘இலவச மூளைப் பரிசோதனை’ என்று கூப்பிட்டு, பெரியவர்களைப் பயமுறுத்தி, அன்றைக்கே ஐ.சி. நகல் வாங்கித் தவணையில் கையெழுத்துப் போட வைக்கும் கூட்டமும் உண்டு. தோட்டத்து மக்களின் ஓய்வுக்காலச் சேமிப்பு இப்படிப் போவதைப் பார்த்து வயிறு எரிகிறது. கையெழுத்துப் போட்டிருந்தால் பதறாதீர்கள். வீடு தேடி வந்து விற்றால், 1993-ஆம் ஆண்டின் நேரடி விற்பனைச் சட்டப்படி 10 வேலை நாட்களுக்குள் எழுத்து மூலம் ரத்து செய்யலாம். பணம் தர மறுத்தால் பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போங்கள்.

முதலில் அரசாங்க கிளினிக்குக்குக் கூட்டிப் போங்கள். இனிப்புநீருக்கு மெட்ஃபோர்மின் பல வருடம் சாப்பிட்டால் வைட்டமின் பி12 குறையலாம், அதனால் மறதி வரலாம். தைராய்டும் காரணமாக இருக்கலாம். இரண்டையும் இரத்தத்தில் பார்த்துவிடலாம். ஆனால் விடியற்காலையில் நம்பர் எடுத்து மதியம் வரை காத்திருந்தால், ஐந்து நிமிடம் சீனி அளவை மட்டும் பார்த்து அனுப்பிவிடுகிறார்கள். மறதியைப் பற்றி யாரும் கேட்பதில்லை. நாமே சொன்னாலும் வயசாகிவிட்டது என்பார்கள். அது ஒரு நோயின் பெயரா? நிபுணரிடம் அனுப்பும் கடிதத்துக்கும் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதனால் நீங்களே கூடப் போய், அப்பா எதை மறக்கிறார், எப்போதிலிருந்து என்று ஒரு தாளில் எழுதி டாக்டர் கையில் கொடுங்கள். பி12, தைராய்டு பரிசோதனை வேண்டும் என்று வாய்விட்டுக் கேளுங்கள்.