காலேஜ் ஃபுட்பால் கேம்: எதை வாங்கலாம், எவ்வளவு கொடுக்கலாம்?

கேள்வி: மூத்தவன் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் சேர்ந்ததிலிருந்து, பத்தாவது படிக்கும் சின்னவனுக்கும் அந்த அணியின் மேல் பைத்தியம் பிடித்துவிட்டது. ‘இஏ ஸ்போர்ட்ஸ் காலேஜ் ஃபுட்பால் 26’ என்ற அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் வீடியோ கேம் வேண்டும் என்கிறான். சாதாரணப் பதிப்பு 70 டாலர், டீலக்ஸ் 100 டாலர். பக்கத்துக் கடையில் முந்தைய வருடத்து ‘25’ பழைய டிஸ்க்காக மலிவாகக் கிடைக்கிறது. எங்களிடம் இருப்பது எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ். எதை வாங்கலாம்? இவ்வளவு பணம் போடும் அளவுக்கு அதில் என்னதான் இருக்கிறது?
– ஒரு தாய், ஹியூஸ்டன்

பதில்: முதலில் அந்தப் பழைய டிஸ்க்கை மறந்துவிடுங்கள். சீரிஸ் எஸ்ஸில் டிஸ்க் போடும் இடமே கிடையாது. எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் உங்கள் வீட்டில் அது ஓடாது. டவுன்லோட் செய்துதான் விளையாட முடியும். டவுன்லோட் செய்த கேமைப் பிறகு விற்கவும் முடியாது, நண்பனிடம் கொடுத்து மாற்றிக்கொள்ளவும் முடியாது. அதனால் வாங்கும் முன் பார்த்துவிடுவது உங்களுக்குக் கூடுதல் அவசியம்.

அதற்கு நல்ல வழி இருக்கிறது. ‘இஏ ப்ளே’ என்ற மாதச் சந்தாவுக்கு 6 டாலர் ஆகும். அதில் இந்த கேமைப் பத்து மணி நேரம் முழுதாக விளையாடிப் பார்க்கலாம். பிடித்து வாங்கினால் விலையில் பத்து சதவீதம் குறையும், ஆக சந்தாப் பணம் திரும்பி வந்த மாதிரிதான். மறக்காமல் சந்தாவை உடனே ரத்து செய்யுங்கள், இல்லாவிட்டால் மாதாமாதம் கார்டில் பிடித்துக்கொண்டே இருப்பார்கள். நீங்கள் ஏற்கெனவே எக்ஸ்பாக்ஸின் ‘கேம் பாஸ் அல்டிமேட்’ சந்தா கட்டுகிறீர்கள் என்றால் இஏ ப்ளே அதிலேயே அடக்கம். தனியாகக் கட்ட வேண்டாம்.

அந்தப் பத்து மணி நேரத்தில் பையன் எதை விளையாடுகிறான் என்று கவனியுங்கள். என் பார்வையில் இந்த கேமின் முழு மதிப்பும் ‘டைனஸ்டி’ என்ற ஒரே பகுதியில் இருக்கிறது. அதில் அவன் ஒரு கல்லூரி அணியின் பயிற்சியாளர். முப்பது சீசன் வரை அணியை நடத்தலாம். ஒவ்வொரு வாரமும் உயர்நிலைப் பள்ளி வீரர்களைத் தேடிப் பிடிக்க இத்தனை மணி நேரம்தான் என்று ஒரு அளவு கொடுத்துவிடுவார்கள். அதை யாருக்கு எவ்வளவு பிரித்துக் கொடுப்பது, யாரைக் கல்லூரிக்கு வரவழைத்துக் காட்டுவது என்று அவன்தான் தீர்மானிக்க வேண்டும். ஒவ்வொரு பையனுக்கும் விட்டுக்கொடுக்காத ஒரு நிபந்தனை இருக்கும். ஒருவனுக்குச் சொந்த ஊருக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், இன்னொருவனுக்கு முதல் வருடமே களத்தில் இறங்க வேண்டும். அந்த விஷயத்தில் கல்லூரியின் மதிப்பெண் குறைந்தால் வர மாட்டான். வந்தவனும் பிறகு வேறு கல்லூரிக்கு மாறிப் போவான். அணி கட்டும் இந்த வேலையில் உட்கார்ந்துவிட்டால் மாதக்கணக்கில் ஓடும். அப்படிப்பட்ட பையனுக்கு 70 டாலர் அதிகமே இல்லை.

ஏ அண்ட் எம் ரசிகனுக்கு இன்னொன்றும் இருக்கிறது. அந்த அணியின் சொந்த மைதானமான கைல் ஃபீல்டில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் உட்காரலாம், மாணவர்கள் ஆட்டம் முழுக்க நின்றுகொண்டேதான் பார்ப்பார்கள் என்பது மூத்தவன் சொல்லியே உங்களுக்குத் தெரிந்திருக்கும். வெளியூர் அணிகள் விளையாட மிகக் கஷ்டமான மைதானங்கள் என்று ‘25’ வந்தபோது, கேமைத் தயாரிக்கும் இஏ நிறுவனம் ஒரு பட்டியல் போட்டது, அதில் முதலிடம் கைல் ஃபீல்டுக்குத்தான். கேமில் அங்கே எதிரணியாகப் போனால் நெருக்கடியான கட்டத்தில் திரையே நடுங்கும். எந்த வீரர் எந்த வழியில் ஓட வேண்டும் என்று காட்டும் கோடுகள் நெளிந்து குழம்பிப் போகும். கூட்டத்தின் சத்தத்தில் அணிக்குள் பேச்சு கேட்காமல் போவதை இப்படிக் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி செய்திருப்பது அருமையான வேலை. நான் பார்த்த விளையாட்டு கேம்களில் சொந்த மைதானத்தின் பலத்தை இவ்வளவு உணர வைத்தது வேறு இல்லை.

‘25’ஐ டவுன்லோடாகத் தள்ளுபடியில் வாங்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். டைனஸ்டி அதிலும் நன்றாகவே இருக்கிறது, சாம்பியன் யார் என்று தீர்மானிக்க 12 அணிகள் மோதும் பிளேஆஃபும் உண்டு. ஆனால் பையன் இன்றைய அணியை ஆட நினைக்கிறான், அதில் இருப்பதோ 2024 சீசனின் வீரர்கள். ஒரே ஒரு வீரராகத் தொடங்கி நான்கு வருடம் ஆடும் ‘ரோடு டு குளோரி’ அதில் மிகவும் மெலிந்து கிடந்தது. 2025 ஜூலையில் வந்த ‘26’இல் அது உயர்நிலைப் பள்ளியிலேயே தொடங்குகிறது. நிஜப் பயிற்சியாளர்கள் பெரும்பாலோர் சொந்தப் பெயருடன் வருகிறார்கள். புதிதாக வந்த டெலவேர், மிசௌரி ஸ்டேட் சேர்ந்து மொத்தம் 136 அணிகள். என் ஓட்டு ‘26’க்கே.

டீலக்ஸ் வேண்டாம். கூடுதல் 30 டாலரில் வெளியீட்டுக்கு மூன்று நாள் முன்பே விளையாடும் வசதி இருந்தது, இப்போது அதற்கு அர்த்தமில்லை. மீதி கிடைப்பது பெரும்பாலும் ‘அல்டிமேட் டீம்’ என்ற பகுதிக்கான புள்ளிகள். நீங்கள் கவனமாக இருக்க வேண்டிய இடமே அதுதான். வீரர்கள் அடங்கிய பேக்கைக் காசு கொடுத்து வாங்கலாம், ஆனால் உள்ளே எந்த வீரர் இருப்பார் என்று பிரித்தால்தான் தெரியும். கேம் எல்லா வயதினருக்கும் ஏற்றது என்று முத்திரை போட்டிருந்தாலும், பதினைந்து வயதுப் பையன் கையில் இது நல்லதல்ல என்று உறுதியாகச் சொல்வேன். 70 டாலரோடு முடிய வேண்டிய செலவு வருடக் கடைசியில் எங்கேயோ போய் நிற்கும். எக்ஸ்பாக்ஸின் குடும்ப அமைப்பில் அவனுடைய அக்கவுண்ட்டைச் சேர்த்து, எதை வாங்கினாலும் உங்கள் அனுமதி கேட்கும்படி வைத்துவிடுங்கள். உங்கள் கார்டு எண்ணை அவன் அக்கவுண்ட்டில் சேமிக்காதீர்கள்.

அவசரமில்லை என்றால் தேங்க்ஸ்கிவிங் வரை பொறுத்துக்கொள்ளுங்கள். கோடையில் வெளியாகும் விளையாட்டு கேம்கள் நவம்பர் கடைசியில் விலை இறங்குவது வழக்கம். அதற்கு முன்பே வாங்கினால், சீசன் நடக்கும்போது அண்ணனின் அணியோடு சேர்ந்து விளையாடும் சந்தோஷம் கிடைக்கும். அதற்கும் ஒரு விலை உண்டுதானே!

கேள்வி: ஒருவர் பிளேஸ்டேஷன் 3 கன்சோலோடு ‘என்சிஏஏ ஃபுட்பால் 14’ டிஸ்க்கையும் விற்கிறார். அரிய பொருள் என்று விலை ஏற்றிச் சொல்கிறார். வாங்கலாமா?
– ஒரு வாசகர், நியூ ஜெர்சி

பதில்: ‘25’ வெளிவந்த 2024 ஜூலைக்கு முன்பு கேட்டிருந்தால் யோசித்துப் பாருங்கள் என்று சொல்லியிருப்பேன். ‘என்சிஏஏ ஃபுட்பால்’ என்பது இதே இஏ வரிசையின் பழைய பெயர். 2013இல் வந்த ‘14’க்குப் பிறகு பதினோரு வருடம் இந்த வரிசையில் புது கேமே வரவில்லை. காரணம் நீதிமன்றத்தில் இருந்தது. யுசிஎல்ஏ பல்கலைக்கழகத்தின் முன்னாள் கூடைப்பந்து வீரர் எட் ஓபேனன், தன் உருவத்தைக் கேட்காமல் இஏவின் கல்லூரிக் கூடைப்பந்து கேமில் பயன்படுத்திக்கொண்டார்கள் என்று 2009இல் வழக்குப் போட்டார். அந்த கேம்களில் வீரர்களின் பெயர் இருக்காது. ஆனால் உயரம், எடை, சட்டை எண் எல்லாம் அசலாகவே இருக்கும். விற்ற காசில் ஒரு பைசா அவர்களுக்குப் போகவில்லை. அவர் கேட்டது முழு நியாயம். இஏவும் கல்லூரிகளின் உரிமங்களைக் கவனிக்கும் நிறுவனமும் சேர்ந்து 4 கோடி டாலருக்கு சமரசம் செய்துகொண்டன, கேமும் நின்றது. 2021 ஜூலையில் கல்லூரி வீரர்கள் தங்கள் பெயரை வைத்துச் சம்பாதிக்கலாம் என்று ஆன பிறகுதான் வழி பிறந்தது. ‘25’இல் சேரச் சம்மதித்த ஒவ்வொருவருக்கும் 600 டாலரும் கேமும் தருவதாக இஏ அறிவித்தது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் சேர்ந்தார்கள். கேம் சம்பாதிக்கும் பணத்தைப் பார்த்தால் 600 குறைவுதான், ஆனாலும் ஒன்றுமே இல்லாத காலத்தைத் தாண்டி வந்திருக்கிறார்கள்.

அந்த இடைவெளியில்தான் ‘14’ டிஸ்க் 100 டாலருக்கு மேல் போனது. இப்போது அந்த விலைக்கு நியாயம் இல்லை. ஆன்லைன் சர்வர்களை எப்போதோ மூடிவிட்டார்கள். அந்த டிஸ்க் பிளேஸ்டேஷன் 5இல் ஓடாது. எக்ஸ்பாக்ஸ் 360க்கு வந்த டிஸ்க்கும் புது எக்ஸ்பாக்ஸில் ஓடாது. உங்களுக்கு அந்தக் காலத்து அணிகளின் மேல் ஆசை இருந்தால், கன்சோலையும் சேர்த்துக் குறைந்த விலைக்குப் பேசிப் பாருங்கள். கொடுக்கும் முன் அவர் வீட்டிலேயே போட்டு, ஒரு ஆட்டம் முழுதாக ஓடுகிறதா என்று பார்த்துவிட்டுப் பணத்தை எண்ணுங்கள். டிஸ்க்கைப் பின்பக்கம் திருப்பி வெளிச்சத்தில் பிடித்து கீறல் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டில் ‘மேடன்’ இருக்கிறது. இதுவும் அதே கேம்தானே? அப்புறம், எங்களிடம் பிளேஸ்டேஷன் 4தான் இருக்கிறது.
– ஒரு வாசகர், அட்லாண்டா

பதில்: பிளேஸ்டேஷன் 4 என்றால் பேச்சே இல்லை. ‘25’, ‘26’ இரண்டுமே பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் கன்சோல்களுக்கு மட்டும்தான் வந்தன. இதற்காகவே புது கன்சோல் வாங்கச் சொல்ல மாட்டேன்.

புது கன்சோல் வாங்கியவர்களுக்காகச் சொல்கிறேன். நிறுவனம் ஒன்று, ஆட்டம் வேறு. இது கல்லூரி ஆட்டம், மேடன் தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லின் ஆட்டம். கல்லூரி ஆட்டத்தில் பந்தைப் பிடிக்கும்போது ஒரு கால் எல்லைக்குள் பட்டாலே போதும், என்எஃப்எல்லில் இரண்டு காலும் பட வேண்டும். கல்லூரியில் பந்து வைத்திருப்பவர் யாரும் தொடாமல் தானாகத் தடுக்கி விழுந்து முழங்கால் தரையில் பட்டாலும் ஆட்டம் நின்றுவிடும். என்எஃப்எல்லில் எதிராளி தொடாதவரை எழுந்து ஓடலாம். ஆர்மி, நேவி அணிகள் ஆடும், பந்தை யாரிடம் கொடுப்பது என்று கடைசி நொடியில் முடிவெடுக்கும் ‘ஆப்ஷன்’ ஆட்டமெல்லாம் மேடனில் அவ்வளவாகப் பார்க்கவே முடியாது. வேகமும் கலகலப்பும் இதில் கூடுதல். இரண்டில் ஒன்றுதான் என்றால், சனிக்கிழமை ஆட்டம் பார்க்கும் வீட்டுக்கு இது, ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் பார்க்கும் வீட்டுக்கு மேடன். இரண்டையும் சேர்த்து விற்கும் தொகுப்பில் இருப்பவை டீலக்ஸ் பதிப்புகள், அதனால் 150 டாலர் ஆகிறது. சாதாரணப் பதிப்பாகத் தனித்தனியே வாங்கினால் 140தான். தள்ளுபடி நாளில் வாங்கினால் இன்னும் குறையும்.