ஆர், மேட்லேப் வரைபடங்களை ஆவணத்தில் சேர்க்கும்போது தெளிவு குறைவது ஏன்?

ஆர் என்னும் புள்ளியியல் மென்பொருளில் வரைந்த படம் திரையில் தெளிவாக இருக்கிறது, ஆனால் ஆய்வேட்டில் சேர்த்ததும் கோடுகள் மங்கி எழுத்துகள் படிக்க முடியாதபடி ஆகிவிடுகின்றன என்று எழுதியிருக்கிறீர்கள். இதற்குப் பிக்சல்களைக் கூட்டினால் போதும் என்றே பலரும் சொல்வார்கள். ஆனால் முதலில் தீர்மானிக்க வேண்டியது, அந்தப் படம் பக்கத்தில் எவ்வளவு அகலத்தில் நிற்கப்போகிறது என்பதையே.

என் முதல் கட்டுரையில் இதை நான் கவனிக்கவில்லை. அச்சுகளில் உள்ள எண்களைப் படிக்க முடியவில்லை என்று மதிப்பாய்வாளர் திருப்பி அனுப்பினார். அளவு எதுவும் குறிப்பிடாவிட்டால் ஆர் 7 அங்குலச் சதுரமாகவே பிடிஎஃப் கோப்பை எழுதுகிறது. அதைப் பக்கத்தில் 3.5 அங்குல அகலமுள்ள பத்தியில் (நெடுவரிசையில்) பொருத்தினால் 12 புள்ளி (பாயிண்ட்) அளவு எழுத்து 6 புள்ளியாகச் சுருங்கிவிடும். ஆகவே பத்தியின் அகலத்தை அளந்து, அதே அகலத்தை மென்பொருளிலேயே கொடுத்து, எழுத்தை 8 அல்லது 9 புள்ளியில் வைத்து வரையுங்கள். ஆவணத்தில் சேர்த்த பிறகு பெரிதாக்கவோ சிறிதாக்கவோ வேண்டாம்.

கோப்பு வகையைப் பொறுத்தவரை, கோடுகளும் எழுத்துகளும் கொண்ட படத்துக்கு வெக்டர் வடிவமே, அதாவது படத்தைப் பிக்சல்களாக அல்லாமல் கோடுகளாகவும் வளைவுகளாகவும் சேமிக்கும் வடிவமே சரி: ஆவணம் அமைக்கும் லேடெக்குக்குப் பிடிஎஃப், வேர்டின் அண்மைப் பதிப்புகளுக்கு எஸ்விஜி. கணக்கீட்டு மென்பொருளான மேட்லேபில் 2020இல் வந்த எக்ஸ்போர்ட்கிராஃபிக்ஸ் கட்டளை இதை நன்றாகவே செய்கிறது. பிக்சல் படம்தான் வேண்டுமென்றால் பிஎன்ஜி எடுங்கள். ஆர் இயல்பாகத் தரும் 480 பிக்சல் 3.5 அங்குலத்தில் பரவும்போது அங்குலத்துக்கு 137 பிக்சல் மட்டுமே கிடைக்கும். அங்குலத்துக்கு 300 வேண்டுமானால் அகலத்தில் 1050 பிக்சல் தேவை. ஜேபெக்கைத் தவிர்த்துவிடுங்கள். அது படத்தை 8×8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்து நுண்விவரங்களைக் கழிப்பதால், கூர்மையான கோடுகளைச் சுற்றி அழுக்குப் படிந்தாற்போல் தெரியும்.

லட்சக்கணக்கான புள்ளிகள் கொண்ட சிதறல் படத்தில் மட்டும் வெக்டர் வடிவம் சுமையாகிவிடும். ஒவ்வொரு புள்ளியும் தனித்தனியே எழுதப்படுவதால் கோப்பு பெருத்து, பக்கம் திறக்கவே நேரமாகும். பைத்தான் மொழியின் வரைபடத் தொகுப்பான மேட்பிளாட்லிப்பில் புள்ளிகளை மட்டும் பிக்சலாக்கி, அச்சுகளையும் எழுத்துகளையும் வெக்டராகவே விட்டுவைக்க வழி உண்டு. எனக்கு மிகவும் பயன்பட்ட வசதி இதுதான்.

அச்சுகளுக்குத் தமிழில் பெயரிடுவதானால் ஆரின் வழக்கமான பிடிஎஃப் முறை உதவாது, எழுத்துகளுக்குப் பதில் வெறும் புள்ளிகளே வரும். கெய்ரோ என்னும் வரைகலை நூலகத்தின் வழியாகப் பிடிஎஃப் எடுங்கள்; அது எழுத்துருவையும் கோப்புக்குள்ளேயே பொதிந்துவிடுவதால், அந்த எழுத்துரு இல்லாத கணினியிலும் படம் மாறாமல் தெரியும்.