கேள்வி–பதில்: ஜெனீவா ஏரியில் நீந்தலாமா?

கேள்வி: கீரிமலைக் கேணியிலும் காரைநகர் கசூரினாக் கடற்கரையிலும் நீந்திப் பழகியவன் நான். யூன் மாதம் சுவிஸில் மகளிடம் போகிறேன். ஜெனீவா ஏரியில் இறங்கலாமா?
வாசகர், சுன்னாகம்

பதில்: இறங்கலாம். ஆனால் கேணி நினைப்பைக் கரையிலேயே விட்டுவிடுங்கள். பனியாறு குடைந்த பள்ளம் அது. ஆழமான இடத்தில் 310 மீற்றர். கோடையில் மேல்நீர் மட்டும்தான் 20 பாகைக்கு மேல் சூடேறும். ஏறக்குறைய 4 பாகையில் தண்ணீர் மிகவும் கனம் என்பதால் குளிர்நீர் அடியில் தங்கிவிடும். பலத்த காற்று மேல்நீரைக் கரையிலிருந்து தள்ளிக்கொண்டு போனால் அந்தக் குளிர்நீர் மேலே வரும். நேற்று இதமாக இருந்த துறை இன்று விறைக்க வைக்கும்.

கேணிக் கட்டிலிருந்து குதிப்பதுபோல் குதிக்கவே வேண்டாம். சட்டென்று குளிர் பட்டால் மூச்சு தானாக இழுபடும். முகம் உள்ளே இருந்தால் தண்ணீரைத்தான் இழுப்பீர்கள். கை, பிடரி, நெஞ்சை நனைத்து, மெல்ல நெஞ்சளவுக்கு நடந்து இறங்கி, மூச்சு சீராகும்வரை ஓரிரு நிமிடம் நில்லுங்கள். பிறகு கரையோரமாகவே நீந்துங்கள், நடுவை நோக்கி அல்ல. நன்னீர் என்பதால் கடலைப்போல உடம்பைத் தாங்காது. கசூரினாவில் மல்லாந்து மிதப்பவருக்கு முதல்நாளே கால் தாழும்.

கரையோரச் செம்மஞ்சள் விளக்கைக் கவனியுங்கள். நிமிடத்துக்கு 40 தடவை மின்னினால் பலத்த காற்று வரக்கூடும். 90 தடவை என்றால் புயல் எச்சரிக்கை, உடனே கரையேறுங்கள். நின்று துடுப்பு வலிக்கும் பலகை எடுத்தால், கரையிலிருந்து 300 மீற்றருக்கு அப்பால் மிதவை அங்கி கட்டாயம். என்னைக் கேட்டால், அதற்குள்ளும் போடுங்கள்.