ராமநாதபுரம் கடற்கரையில் கிடைத்த பழைய பீரங்கித் தோட்டா எந்தக் காலத்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அதைச் சேகரித்து வைக்கலாமா?

கடற்கரையில் கிடைத்தது என்று பழைய இரும்புக் கடையில் வைத்திருந்த ஒரு பித்தளைக் கூட்டை, அதாவது தோட்டாவின் மருந்து அடைக்கும் பின்பகுதியை, பார்த்திருக்கிறீர்கள், கடைக்காரர் அதை 'எம்டன் குண்டு' என்று சொல்லி விலையை ஏற்றியிருக்கிறார் என்று எடுத்துக்கொள்கிறேன். எங்கள் பக்கம் கடலிலிருந்து வரும் எல்லாவற்றுக்கும் அந்தப் பெயர்தான். 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் சென்னையைச் சுட்டது 105 மி.மீ. பீரங்கிகளால். வாய் நாலு செ.மீ. அகலம்கூட இல்லாத கூட்டை எம்டன் என்று யாராவது சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

விற்பவர் சொல்லும் கதையை விட்டுவிட்டு கூட்டின் அடியைப் பாருங்கள். நான் கடற்படையில் விமான எதிர்ப்புப் பீரங்கிக் குழுவில் இருந்தவன். 40 மி.மீ. போஃபர்ஸுக்கு நாலு நாலாகக் கிளிப்பில் வரும் தோட்டாக்களைக் கையால் ஊட்டியிருக்கிறேன். "சுட்டவனுக்கு வரலாறு என்ன தெரியும்?" என்று ஒரு சேகரிப்பாளர் என்னிடம் கேட்டார். அவர் வைத்திருந்த 'ஜப்பான் குண்டு' போஃபர்ஸ் கூடு என்பதை அளவுகோலை வைத்துத்தான் காட்டினேன்.

வாய் 40 மி.மீ. என்றால் கூட்டின் நீளத்தை அளந்தாலே பாதி வேலை முடிந்தது. 311 மி.மீ. இருந்தால் இரண்டாம் உலகப் போர்க் காலத்துப் போஃபர்ஸ் எல்-60. 364 இருந்தால் அதற்குப் பின் வந்த எல்-70. 158 மட்டுமே இருந்தால் பிரிட்டிஷ் கப்பல்களில் இருந்த 'பாம்-பாம்' என்ற இரண்டு பவுண்டர் பீரங்கி. எங்கள் கரையில் அரிது என்றால் அதுதான். ராமநாதபுரத்தில் ஒரு கடையில் பழைய குழாய்களுக்கு நடுவே அப்படி ஒன்றைப் பார்த்த சந்தோஷம் எனக்கு இன்னும் தீரவில்லை.

20 மி.மீ.யில்தான் பலர் ஏமாறுகிறார்கள். கப்பல்களில் இருந்த ஓர்லிகான், போர் விமானங்களில் இருந்த ஹிஸ்பானோ இரண்டுக்கும் கூட்டின் நீளம் 110 மி.மீ.தான். ஓர்லிகானின் அடி விளிம்பு உடலைவிட ஒடுங்கி உள்வாங்கியிருக்கும். சுடும்போது தோட்டாவோடு, அதைப் பின்னாலிருந்து தள்ளும் போல்ட்டின் முகமும் குழலின் பின்முனை அறைக்குள் நுழைய வேண்டும், அதனால் அப்படி. ஹிஸ்பானோவில் விளிம்பும் உடலும் கிட்டத்தட்ட ஒரே அகலம். அடியில் இருக்கும் ஆண்டு, கூடு செய்த ஆண்டு. சுட்ட ஆண்டு அல்ல. அகன்ற அம்புக்குறி இருந்தால் பிரிட்டிஷ் அரசின் சரக்கு.

இதெல்லாம் வெற்றுக் கூட்டுக்கு மட்டும். தலை, அதாவது கூட்டின் வாயில் செருகிய குண்டு, இருந்தால் தொடவே கூடாது.

பெரியபட்டினத்தில் சங்கு குளிக்கும் தம்பி ஒருவர் ஒரு நாள் சங்குப் பையோடு ஒன்றைக் கொண்டுவந்து என் வீட்டுத் திண்ணையில் வைத்து, மேலே படிந்திருந்த சுண்ணாம்பைக் கத்தியால் சுரண்டத் தொடங்கிவிட்டார். "காக்கா, வெள்ளைக்காரன் காலத்துத் தோட்டாதானே இது? பித்தளைக்கு என்ன விலை போகும்?" என்றார். காக்கா என்றால் எங்கள் பக்கம் அண்ணன். சுரண்டிய இடத்தில் அடி விளிம்பு ஒடுங்கித் தெரிந்தது. ஓர்லிகான், குண்டு கழலாமல் அப்படியே. "கையை எடு தம்பி, கத்தியைக் கீழே போடு" என்றேன். தெருப் பிள்ளைகளை விரட்டிவிட்டு 1093-க்கு அழைத்தேன். கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் எண் அது, போனில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். வெடிகுண்டு நிபுணர்கள் வந்து எடுத்துப்போய்ப் பள்ளத்தில் வைத்து வெடிக்கச் செய்தார்கள். அந்தச் சத்தம் தெரு வரை கேட்டது. உப்புத் தண்ணீரில் ஊறினால் மருந்து செத்துவிடும் என்று நம்புகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். எஃகுக்குள் அடைத்த மருந்து அப்படிச் சாகாது. குண்டை வெடிக்க வைக்கும் ஃபியூஸ் துருப்பிடித்தால் எப்போது என்ன செய்யும் என்று சொல்ல முடியாது. அடி நடுவில் குழி விழுந்திருக்கிறதே, சுட்டாயிற்று என்றும் நினைக்காதீர்கள். சுட்டும் வெடிக்காத தோட்டாவிலும் அந்தக் குழி இருக்கும்.

அப்புறம் நடந்ததுதான் எனக்கு ஆறவில்லை. எங்கிருந்து வந்தது, யார் கொடுத்தார்கள் என்று கேட்டு அந்தத் தம்பியைத் திரும்பத் திரும்ப அலைய விட்டார்கள். 2018 ஜூனில் தங்கச்சிமடத்தில் ஒரு வீட்டில் குழி தோண்டியபோது பெட்டி பெட்டியாகத் தோட்டாக்கள் வந்த ஊர்ப்பக்கம் இது, சந்தேகம் வரட்டும், சரி. தானாக வந்து சொன்னவனுக்கு ஒரு நாள் கூலியாவது மிஞ்ச வேண்டாமா? சங்கு குளிப்பவர்கள் பாடு ஏற்கெனவே அப்படித்தான். 2001-இல் கடல் அட்டை பிடிக்கத் தடை வந்ததிலிருந்து, கரையேறினால் அட்டை இல்லை என்று பையைக் கொட்டிக் காட்ட வேண்டும். மூச்சடக்கி எடுத்த சங்குக்கு விலை சொல்வது வியாபாரி. காது கிழிந்து ரத்தம் வந்தாலும் கேட்க ஆளில்லை. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஆயுதம் சேர்க்கச் சொல்லித் தருகிறேன் என்று யாராவது பின்னூட்டம் போடுவார்கள். நான் சேகரிப்பது காகிதம். கடைகளில் வெற்றுக் கூடு கிடைத்தால் அடியில் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எழுத்துகளை எடுத்துக்கொள்வேன், நீளத்தைப் பக்கத்தில் குறித்து வைப்பேன். 1959 ஆயுதச் சட்டத்தின் வரையறையில் தோட்டாவின் பாகங்களும் வருகின்றன. வெற்றுக் கூட்டை வாங்கியே தீர வேண்டும் என்றால் முதலில் ஒரு வழக்கறிஞரைக் கேளுங்கள், கடையில் ரசீது வாங்குங்கள்.

உங்களிடம் இருப்பது வெறும் கூடு என்றால் அடி தெரிய ஒரு படம், அளவுகோலோடு பக்கவாட்டில் ஒரு படம் போடுங்கள். பார்த்துச் சொல்கிறேன்.