ஃபேட் நேரம் (வெளிச்சம் மாற எடுக்கும் நேரம்) எவ்வளவு வைப்பது? மேடை விளக்குக் கேள்வி பதில்

கேள்வி: முதல் முறையாக, மேடை விளக்குகளை இயக்கும் ஈயாஸ் கன்சோலில் உட்கார்ந்திருக்கிறேன். நான் நேரமே போடவில்லை, ஆனாலும் ஒவ்வொரு க்யூவும் (பதிவுசெய்து வைத்த விளக்கு மாற்றம்) 5 விநாடி எடுக்கிறதே?

பதில்: அது கன்சோல் தானாகப் போட்டுக்கொள்ளும் நேரம். க்யூ 12, டைம் 3, என்டர் என்று அடித்தால் அந்த க்யூவுக்கு மட்டும் 3 விநாடி ஆகிவிடும். சரி, 3 என்று யார் முடிவு செய்வது? மேடைதான். நடிகர் நாற்காலியை விட்டு எழுந்து ஜன்னலுக்குப் போக எத்தனை விநாடி என்று ஒத்திகையில் வாய்க்குள் எண்ணிப் பாருங்கள். எண்ணாமல் போட்ட நேரம் பெரும்பாலும் நீளமாகவே இருக்கும்.

கேள்வி: மாலைக் காட்சி இரவுக் காட்சியாக மாறும்போது நடுவில் மேடை ஒரு கணம் மங்கிப்போகிறது. இரண்டு க்யூவிலும் வெளிச்சம் போதுமானதுதான்.

பதில்: ஏறுவது ஒரு விளக்கு, இறங்குவது வேறொரு விளக்கு. இரண்டுக்கும் ஒரே நேரம் என்றால் பாதி வழியில் இரண்டுமே பாதியில்தான் நிற்கும். ஏற்றத்துக்கு 3, இறக்கத்துக்கு 6 என்று பிரித்துப் பாருங்கள். புது ஒளி முதலில் வந்து நிற்கும், பழையது அதன் பின்னால் மெல்லக் கரையும்.

கேள்வி: பிளாக்அவுட்டுக்கு (மேடையை முழுக்க இருட்டாக்குவதற்கு) 0 விநாடி வைத்தும் எல்.இ.டி. பட்டென்று அணைகிறது, ஹாலஜன் சிவந்து சிவந்து அணைகிறது.

பதில்: ஹாலஜனின் இழை ஆற வேண்டாமா? 2 கிலோவாட் விளக்கின் தடித்த இழைக்கு இன்னும் கூடுதல் நேரம் வேண்டும். அதை எந்த கன்சோலாலும் விரட்ட முடியாது. எல்.இ.டி.யை வேண்டுமானால் தாமதப்படுத்தலாம். அந்த விளக்குகளின் சேனல்களுக்கு மட்டும் அரை விநாடி தனி நேரம் கொடுத்து, கண்ணால் பார்த்துச் சரிசெய்யுங்கள். இன்னொன்று: எல்.இ.டி.யை 20 விநாடியில் இறக்கும்போது கடைசியில் படிப்படியாகத் துள்ளினால், அதன் டிம்மர் (ஒளியளவுக் கட்டுப்பாடு) 8 பிட்டில் ஓடுகிறது, மொத்தமே 256 படிதான். விளக்கில் இன்னும் நுண்ணிய படிகள் உள்ள 16 பிட் மோடு இருந்தால் அதற்கு மாற்றுங்கள்.

கேள்வி: மூவிங் ஹெட் (தலை தானாகத் திரும்பும் விளக்கு) எரிந்துகொண்டே மேடையைத் துடைத்துக்கொண்டு வருகிறது!

பதில்: தனி நேரம் கொடுக்காவிட்டால் பான் (பக்கவாட்டுத் திருப்பம்), டில்ட் (மேல்கீழ்ச் சாய்வு), நிறம் எல்லாம் ஏற்ற நேரத்தோடுதான் ஓடும். முந்தைய க்யூவில் அந்த விளக்கு இருட்டில் இருந்தால் ஆட்டோமார்க் போடுங்கள், இருட்டிலேயே இடம் போய்ச் சேர்ந்துவிடும். அமைதியான காட்சியா? அந்த நகர்வை நிதானமாக விடுங்கள். மோட்டார் சத்தம் மூன்றாவது வரிசைவரை கேட்கும்.

கேள்வி: அடுத்த க்யூவைத் தானாக ஓடவிடும் ஃபாலோ, ஹேங் இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?

பதில்: ஈயாஸில் ஃபாலோ நேரம், க்யூவை ஓடவிடும் 'கோ' பொத்தானை அழுத்திய நொடியிலிருந்து ஓடும். ஹேங், க்யூ முழுசாக முடிந்த பிறகுதான் எண்ணத் தொடங்கும். கிராண்ட் எம்.ஏ. என்ற வேறொரு கன்சோலில் ஃபாலோ என்றால் முந்தைய க்யூ முடிந்த பிறகு! வாடகைக்கு வேறு கன்சோல் வந்த ஒரு நாள் இதை மறந்து, நாயகி பாதிப் படியில் இறங்கும்போதே அடுத்த காட்சியை எரியவிட்டிருக்கிறேன்.