மழையில் ஒட்டிய விமான இறக்கை ரிப்: பசை விடுவது ஏன்

கொல்லங்கோட்டுக் கொட்டகையில், இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையில் ஒட்டிய விமான மேல் இறக்கை ரிப்புகளில், அதாவது இறக்கைக்கு வடிவம் தரும் மரச்சட்டங்களில், மூட்டின்மேல் ஒட்டும் பிளைவுட் தகடான கஸ்ஸெட் சுத்தமாகப் பெயர்ந்து வருகிறது என்று எழுதியிருந்தீர்கள். பெயர்ந்த முகத்தைப் பாருங்கள். மரநார் பிய்ந்து ஒட்டியிருந்தால் பசைமேல் குறை இல்லை. பளபளவென்று பசை மட்டும் ஒரு பக்கம் நின்றால், எபாக்ஸி (இரண்டு பாகம் கலந்து இறுகும் பசை) மரத்தைப் பிடிக்கவே இல்லை.

முதல் சந்தேகம் ஈரம். ரிப்பின் ஸ்ப்ரூஸ் மரத்துண்டு ஒன்றை எடைபோட்டு, மின் அடுப்பில் (ஓவன்) 103 டிகிரி செல்சியஸில் எடை குறைவது நிற்கும்வரை காயவையுங்கள். 50 கிராம் 43 ஆனால் ஈரம் 16 சதவீதம். 8 முதல் 12-க்குள் இருக்க வேண்டும்.

அடுத்தது பிளைவுட்டின் மினுமினுப்பு. ஆலையில் சூடாக அழுத்திய முகம் பசையை உள்ளே விடாது. 80 நம்பர் உப்புத்தாளால் பளபளப்பு மங்கும்வரை லேசாகத் தேய்த்துத் தூசியை எடுங்கள். பிறகு விரல் படக்கூடாது. பசையை இரண்டு முகத்திலும் பூசுங்கள். கிளாம்பை முறுக்கித் தள்ளுவது கேசீன் (பால்புரதப்) பசைக் காலத்துப் பழக்கம். எபாக்ஸிக்கு ஸ்டேப்பிள் அழுத்தமே போதும், மிஞ்சினால் பசையெல்லாம் வெளியே வழிந்து இணைப்பு வறண்டுவிடும்.

ஒவ்வொரு கலவைக்கும் ஒரு மாதிரித் துண்டு ஒட்டி, முழுதாக இறுகியபின் உளியால் பிளந்து பாருங்கள். பழைய ரிப்புகளில் கஸ்ஸெட்டை மட்டும் மாற்றலாமா என்கிறீர்கள். வேண்டாம், மொத்தமாகக் கழித்துவிடுங்கள். விறகுக்கும் ஆகாது, எபாக்ஸி புகை பொல்லாதது.